கோஆக்சியல் கனெக்டர்: மரை ஏறினால் மட்டும் போதாது

திருகினால் ஏறிவிடுகிறது என்பதற்காக இரண்டு கோஆக்சியல் கனெக்டர்களை (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ள ரேடியோ, ஆன்டெனா கேபிள்களின் இணைப்பிகள்) ஜோடி என்று நம்பிவிடக் கூடாது. N டைப் கனெக்டரில் 50 ஓம், 75 ஓம் என இரண்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை போன்ற அளவு) உண்டு. வெளி மரை ஒன்றேதான். 75 ஓமின் நடு ஊசி மட்டும் மெல்லியது. 50 ஓம் ஆண் கனெக்டரை 75 ஓம் பெண் கனெக்டரில் ஏற்றினால், தடித்த ஊசி உள்ளே இருக்கும் தொடுமுனையை நிரந்தரமாக விரித்துவிடும். அதன் பிறகு சரியான ஜோடியை மாட்டினாலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எஸ்எம்ஏ (SMA), ஆர்பி-எஸ்எம்ஏ (RP-SMA) என்ற சிறிய கனெக்டர்கள் இரண்டுக்கும் மரை ஒன்றே, ஊசியும் துளையும்தான் இடம் மாறியிருக்கும். இரு பக்கமும் துளையாக அமைந்துவிட்டால் நட் நன்றாக இறுகும், சிக்னல் போகாது. மாட்டும் முன் நடுவைப் பார்த்துவிடுங்கள்.

இறுக்கும்போது உடலை அசையாமல் பிடித்து, நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடல் சுழன்றால் ஊசி துளைக்குள் அரைபட்டு முலாம் உதிரும். எஸ்எம்ஏவுக்கு 8 மிமீ டார்க் (torque) ஸ்பேனர், அதாவது குறித்த முறுக்கு விசையில் இறுக்கும் ஸ்பேனர்தான் சரி: பித்தளைக்குச் சுமார் 0.56 நியூட்டன் மீட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சுமார் 1. கட்டிங் பிளேயரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

பிஎல்-259 (PL-259) எச்எஃப் (HF, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கு அருமையான கனெக்டர். 430 மெகாஹெர்ட்ஸில் அதன் இம்பீடன்ஸ் 50 ஓமில் நிற்காது. அங்கே N டைப் போடுங்கள்.

கேபிள் முனையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். ஆர்ஜி-58 (RG-58) என்ற கோஆக்சியல் கேபிளுக்கான கிரிம்ப் வளையத்துக்கு (அழுத்திப் பிடிக்க வைக்கும் வளையம்) பெரும்பாலும் 5.41 மிமீ அறுகோண டை (அழுத்தும் அச்சு). அதைவிடப் பெரிய டையில் அழுத்தினால் கேபிள் இழுத்ததும் கையோடு வரும். பிஎல்-259 உடலைச் சிறிய சால்டரிங் அயர்னால் நெடுநேரம் சூடாக்கினால் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பாலிஎத்திலீன் இளகி அந்தக் கம்பி ஒருபக்கம் சாய்ந்துவிடும். நல்ல வாட்டேஜும் அகன்ற முனையும் உள்ள அயர்னால் சட்டென்று வேலையை முடியுங்கள். மல்டிமீட்டர் ஷார்ட்டையும் அறுந்த கம்பியையும் காட்டும். இம்பீடன்ஸ் பிசகியதைக் காட்டாது. அதற்கு விஎன்ஏ (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) என்ற அளவுகருவி வேண்டும்.

வெளியில் இருக்கும் இணைப்பில் பிவிசி டேப் மட்டும் சுற்றினால் தண்ணீர் புகுந்து, பின்னல் வழியே கேபிளுக்குள் ஏறிவிடும். அப்புறம் கனெக்டரை மாற்றியும் பயனில்லை, கேபிளையே வெட்ட வேண்டும். முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதிக்குப் பாதி மேற்படியும்படி சுற்றுங்கள். அதன் மேல் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் மடிப்புக்குள் புகாமல் வழிந்துவிடும்.