சிக்கலில் இருக்கும் நாய்க்குச் சரியான நடத்தை நிபுணரைக் கண்டுபிடிப்பது எப்படி?

முத்து எங்களிடம் வந்தபோது அவனுக்கு மூன்று வயது. வாசலில் புது ஆள் காலடி கேட்டாலே முதுகு முடி சிலிர்த்துக்கொள்ளும். உறுமுவான், பாய்வான். அவனுக்காக நான் முதலில் தேடிப் பிடித்த ஆள் சரியில்லை. சரியானவரிடம் போய்ச் சேர்வதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் கெட்டுப்போனதைச் சரிசெய்ய இன்னொரு வருடம் ஆனது. உங்கள் நாய்க்கு அப்படி நேரக்கூடாது. நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: முதலில் கால்நடை மருத்துவர்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். காது வலி, பல் வலி, மூட்டுத் தேய்மானம், தீராத அரிப்பு என்று எது இருந்தாலும் நாய் சிடுசிடுவென்று ஆகிவிடும். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையை ஆராயும் டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், நடத்தைச் சிக்கல் என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களிலும் பூனைகளிலும் குறைத்துக் கணக்கிட்டாலே மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்கிறார்கள். முத்துவுக்கு இடது காதில் நாள்பட்ட அழற்சி. தலையைத் தொட்டால் உறுமியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

படி 2: ஒரு நோட்டு, சில வீடியோக்கள்

நாய் எப்போது, எதைக் கண்டு பதறுகிறது என்று நிபுணரிடம் காட்டக் குறித்துவையுங்கள். இதற்கென்றே செயலிகள் உண்டு. எனக்குச் சாதாரண நோட்டுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். தேதி, நேரம், யார் வந்தார், எவ்வளவு தூரத்தில் இருந்தார், நாய் என்ன செய்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது. இதில் தூரத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நாய் இன்னும் பதறாத தூரம் எதுவோ அங்கிருந்துதான் நல்ல பயிற்சி தொடங்கும்.

வீடியோ எடுப்பதற்காக நாயைச் சீண்ட வேண்டாம். தனியாக விட்டால் ஊளையிடுகிற நாய் என்றால், பழைய கைபேசியை அலமாரியில் வைத்துப் பதிவை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள், போதும்.

படி 3: யார் என்ன வேலை செய்பவர்

'உட்கார்', 'வா' சொல்லிக்கொடுப்பவர் பயிற்சியாளர். பயம், ஆக்ரோஷம், தனிமைப் பதற்றம் மாதிரியான விஷயங்களில் காரணத்தைத் தேடி மாற்றுபவர் நடத்தை நிபுணர். இதையே மேற்படிப்பாகப் படித்த கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருந்து எழுதிக்கொடுப்பது மருத்துவரின் வேலை மட்டுமே. மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். நாய்களின் தனிமைப் பதற்றத்துக்கு குளோமிப்ரமின் 1998-லும் ஃப்ளூவாக்ஸெடின் 2007-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. கடி வரைக்கும் போன நாய், தன்னையே கடித்துக்கொள்ளும் நாய் என்றால் நேராக இப்படிப்பட்ட மருத்துவரையே தேடுங்கள்.

பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் 'நடத்தை நிபுணர்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் இல்லை. அதனால் பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள். ஐஏஏபிசி (IAABC) என்ற சர்வதேச விலங்கு நடத்தை ஆலோசகர் சங்கம், பிரிட்டனில் ஏபிடிசி (ABTC) என்ற விலங்கு நடத்தை, பயிற்சி மன்றம், நடத்தையியல் படித்த சிறப்பு மருத்துவர்களுக்கு அமெரிக்காவின் ஏசிவிபி (ACVB) என்ற அமைப்பு ஆகியவற்றின் இணையதளங்களில் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இருப்பது முதல் சல்லடைதான். அடுத்த படியை எப்படியும் செய்தே ஆக வேண்டும்.

படி 4: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

நான் சறுக்கியது இங்கேதான்.

முதலில் வந்தவர் பத்தே நிமிடத்தில் முத்துவின் உறுமலை நிறுத்திக் காட்டினார். இறுகும் சங்கிலியைக் கழுத்தில் மாட்டினார், உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்தார். "நீங்கள்தான் தலைவன் என்று அவனுக்குத் தெரியவேண்டும்" என்றார். முத்து அமைதியாகிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். நான்கு வாரம் கழித்து என் தம்பி அவனைத் தாண்டி நடந்தபோது சத்தமே இல்லாமல் கையைக் கவ்விவிட்டான். நான்கு தையல்.

பிறகுதான் புரிந்தது. உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று நாய் தரும் எச்சரிக்கை. அவர் எச்சரிக்கையை நிறுத்தினாரே தவிர, பயத்தை நிறுத்தவில்லை. அந்த நான்கு வாரப் பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. யாராவது பக்கத்தில் போனால் வாயை இறுக்க மூடுகிறான், மூக்கை ஒருமுறை நக்குகிறான், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறான், அப்படியே விறைத்து நிற்கிறான். நான் அதைத்தான் அமைதி என்று நினைத்திருந்தேன்.

'தலைவன்' பேச்சின் வேர், 1947-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே எழுதிவிட்டார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் நடத்தையியல் சங்கமான ஏவிஎஸ்ஏபி, எல்லா நாய்களுக்கும், ஆக்ரோஷமான நாய்களுக்கும்கூட, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே 2021-இல் பரிந்துரைத்தது.

அதனால் இப்போது யாரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "என் நாய் உங்களைப் பார்த்து உறுமினால் அந்த நொடியில் என்ன செய்வீர்கள்?" "பின்னால் போவேன், தூரத்தைக் கூட்டுவேன்" என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேசுங்கள். "அடக்குவேன்", "திருத்துவேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஷாக் காலர் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை), முள் பட்டை வைத்திருப்பவரிடமும் அப்படியே. எத்தனை நாளில் சரியாகும் என்று கேளுங்கள். உத்தரவாதம் கொடுத்தால் அவரும் வேண்டாம். மருத்துவ அறிக்கை கேட்கிறாரா என்றும் பாருங்கள். கேட்காவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது.

படி 5: முதல் சந்திப்பு

எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது நிபுணர் முதல் நாள் முத்துவைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தார், அவனை நேராகப் பார்க்கவில்லை, ஒன்றரை மணி நேரம் என்னிடமே கேள்வி கேட்டார். போகும்போது முத்து அவருடைய பையை முகர்ந்து பார்த்தான். நீங்களும் அந்த நேரத்தில் நிபுணரின் பேச்சைவிட நாயின் உடம்பைக் கவனியுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது: "பக்கத்தில் யாருமே இல்லையே?" வீடியோ அழைப்பில் பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். எப்படியும் தினமும் பழக்கப்போவது நீங்கள்தான் என்பதால் நன்றாகவே நடக்கும். அந்நியரைக் கண்டு பயப்படும் நாய்க்கு இது சுலபமும்கூட. "நாயை எங்களிடம் விட்டுவிடுங்கள், பழக்கித் தருகிறோம்" என்பவர்களைப் பற்றியும் கேட்டார்கள். நான் விடமாட்டேன். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, அங்கே பழகியது வீட்டில் நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இன்னொருவர், நிபுணரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம் ஆகும், அதுவரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சரி, அந்தச் சூழ்நிலையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் நாயை வேறு அறையில் விடுங்கள், நடுவில் தடுப்புக் கதவு போடுங்கள். கூடவே, கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் வாய்க்கூட்டையும் பழக்குங்கள். துணியில் வருவது வேண்டாம், வாயை இறுக்கிவிடும். மூச்சிரைக்க முடியாமல் நாய்க்குச் சூடேறும். கூடை போன்றதை வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கலாம். முதல் சில நாள் மாட்டவே மாட்டாதீர்கள். உள்ளே பிடித்த தீனியைத் தடவி நீட்டிப் பிடியுங்கள், மூக்கை அதுவே நுழைக்கட்டும், அதுவே எடுத்துக்கொள்ளட்டும். பட்டையைப் பூட்டுவது அதற்கு அப்புறம்தான். முத்துவுக்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது நான் கூடையைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்து மூக்கை உள்ளே விடுகிறான்.