சின்னக் குழந்தைகளோடு குரூஸ்: கேபின் தேர்ந்தெடுப்பது எப்படி?

குரூஸ் பயணத்துக்கு அறை பார்க்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கடல் தெரியுமா?" கைக்குழந்தையோ மூன்று நான்கு வயதுப் பிள்ளையோ கூட வந்தால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளை எங்கே தூங்கும், அது தூங்கும் நேரத்தில் நாம் எங்கே உட்கார்ந்திருப்போம் என்பதை முதலில் யோசியுங்கள். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த அறை, எந்தத் தளம் என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும்.

படி 1: வயதும் தலைக்கணக்கும்

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. அட்லாண்டிக்கைக் கடப்பது போல, பல நாள் கரை தொடாமல் போகும் பயணம் என்றால் பொதுவாக 12 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். வயது கணக்கிடப்படுவது முன்பதிவு செய்யும் நாளில் அல்ல, கப்பல் ஏறும் நாளில்.

அடுத்து, தொட்டிலில் படுக்கும் குழந்தையும் ஒரு பயணிதான். "மடியில்தானே இருக்கும்" என்று விமானக் கணக்குப் போட்டு இருவர் அறையை எடுக்க முடியாது. இதற்குக் காரணம் உயிர்காப்புப் படகு. அவசரத்தில் எந்தப் பகுதி ஆட்கள் எங்கே கூட வேண்டும், எந்தப் படகில் ஏற வேண்டும் என்பது முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அங்கே நான்கு படுக்கை உள்ள அறை காலியாக இருந்தாலும் அதை இருவருக்கோ மூவருக்கோதான் தருவார்கள். நால்வர் அறைகள் சீக்கிரம் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குடும்பமாகப் போகிறவர்கள் கடைசி நேரச் சலுகைக்குக் காத்திருப்பது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

படி 2: யார் எங்கே படுப்பது?

ஜன்னல் இல்லாத சாதாரண உள்ளறை பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடிக்குள் இருக்கும். அதற்குள் கட்டில், மேசை, அலமாரி, குளியலறை எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஒரு தாளை எடுத்து நிஜமாகவே வரைந்து பாருங்கள்.

பெரியவர்களுக்கான கட்டில், சேர்த்துப் போட்ட இரண்டு ஒற்றைக் கட்டில்களாகத்தான் பல கப்பல்களில் இருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இரவில் விரித்துக்கொள்ளும் சோபாவோ, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கையோ கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நான்கு பேர் தங்கலாம்" என்ற ஒரு வரியை நம்பிப் பதிவு செய்துவிட்டு உள்ளே போனால் இரண்டு மேல் படுக்கைகள் இருக்கும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது. கப்பல் ஆடும், ஏணி செங்குத்தாக இருக்கும், தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பிள்ளைக்கு இரண்டும் ஆபத்து. அப்படியானால் ஏணி ஏறப்போவது அம்மாவோ அப்பாவோதான். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சோபா படுக்கை உள்ள அறையே வசதி.

கைக்குழந்தைக்குத் தொட்டில் பெரும்பாலும் கேட்டால் தருவார்கள். ஆனால் எண்ணி வைத்திருப்பதால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சோபாவையும் விரித்து, தொட்டிலையும் போட்டால் பல அறைகளில் நடக்கவே இடம் இருக்காது. இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும் வழியில் எதை எதைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் போதவில்லை என்று தோன்றினால் நடுவில் கதவு உள்ள இரண்டு அறைகளைப் பாருங்கள். இவற்றை கனெக்டிங் கேபின் என்பார்கள். பக்கத்துப் பக்கத்து அறை என்றால் கதவு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கனெக்டிங் என்று எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவுதான். இருந்தாலும் நால்வருக்கு ஒரு பால்கனி அறை, இருவர் இருவராக இரண்டு உள்ளறை என இரண்டு விலையையும் போட்டுப் பாருங்கள். சில பயணங்களில் வித்தியாசம் சொற்பமாக இருக்கும். இரண்டாவது குளியலறை கிடைப்பது பெரிய விஷயம். பதிவில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். அப்பா ஓர் அறையில், அம்மா ஓர் அறையில் என்று பெயர் கொடுத்துவிட்டு, கப்பலில் ஏறியபின் விருப்பப்படி படுத்துக்கொள்வது வழக்கம்தான்.

படி 3: உள்ளறையா, ஜன்னலா, பால்கனியா?

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. மதியத் தூக்கம் தூங்கும் பிள்ளைக்கு இது வரம். காலை ஐந்து மணிக்கே வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து உட்காரும் பிள்ளைக்கும் அப்படியே. விலையும் குறைவு. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிள்ளை தூங்கிவிட்டால் நீங்களும் அந்த இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். குளியலறைக்குள் உட்கார்ந்து போன் பார்க்கும் பெற்றோர் நிறைய. சின்ன இரவு விளக்கு ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள்.

ஜன்னல் அறையை யாரும் அதிகம் புகழ்வதில்லை, ஆனால் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஜன்னல் திறக்காது, வெளிச்சம் வரும், திரையை இழுத்தால் இருட்டு. ஆனால் உயிர்காப்புப் படகு ஜன்னலை மறைக்கும் அறைகளும் உண்டு. விவரத்தில் "பார்வை மறைக்கப்பட்டது" என்று இருக்கிறதா பாருங்கள்.

பால்கனி பிள்ளைக்காக அல்ல, உங்களுக்காக. பிள்ளை உள்ளே தூங்க, கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் உட்கார்ந்து பேசலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். பாதுகாப்புக் கேள்வியையும் நேராகப் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஆள் ஏற்றும் பெரிய கப்பல்களில் கைப்பிடிச் சுவர் குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் உயரமே கிட்டத்தட்ட 100 சென்டிமீட்டர். தரையில் நிற்கும்வரை கவலை இல்லை, நாற்காலி மேல் ஏறினால் எல்லாம் போச்சு. எனவே நாற்காலிகளைக் கைப்பிடியிலிருந்து தள்ளி வைப்பது, தேவை இல்லாதபோது உள்ளே எடுத்துவிடுவது, கதவைப் பூட்டியே வைப்பது, பிள்ளையைத் தனியாக அங்கே விடாமல் இருப்பது என்ற நான்கிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எதற்கும் ஏறும், எதையும் திறக்கும் பிள்ளையாக இருந்தால் இந்த முறை பால்கனியை விட்டுவிடுங்கள்.

சில பெரிய கப்பல்களில் கடலுக்குப் பதிலாகக் கப்பலின் உள்முற்றத்தைப் பார்க்கும் பால்கனிகளும் உண்டு. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் அப்படிப்பட்டது. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரவு நிகழ்ச்சிச் சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கப்பலில் எந்த இடம்?

கப்பலின் இணையதளத்தில் டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்தின் வரைபடம் இருக்கும். இதைத் திறக்காமல் அறை எண்ணை உறுதி செய்யாதீர்கள். உங்கள் அறை உள்ள தளத்தைப் பார்ப்பது போதாது, அதற்கு மேல் தளத்தில் என்ன, கீழ்த் தளத்தில் என்ன என்றும் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தாளம் அதிரும். மேலும் கீழும் வெறும் அறைகளே உள்ள தளம்தான் அமைதி. டெக் பிளானில் எதுவும் எழுதாத வெற்றுப் பெட்டி தெரிந்தால் அது ஊழியர்களின் சமையல் பகுதியாகவோ சரக்குப் பகுதியாகவோ இருக்கலாம், கொஞ்சம் விலகியே இருங்கள்.

ஆட்டம் குறைவாக வேண்டும் என்றால் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் எடுங்கள். அலையில் கப்பலின் முன்னும் பின்னும்தான் அதிகம் ஏறி இறங்கும், உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். முன்பக்கக் கீழ் அறைகளில் நங்கூரச் சத்தமும், துறைமுகம் நெருங்கும்போது கப்பலைத் திருப்பும் இயந்திரங்களின் உறுமலும் காலையில் எழுப்பிவிடும்.

லிஃப்ட் பக்கத்திலா, தூரத்திலா? நடுத்தர தூரம். பெரிய கப்பலின் நடைபாதை நீளம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் தெரியும். லிஃப்ட் முன்னால் நிற்பவர்களின் பேச்சு அறைக்குள் கேட்கவும் கூடாது. ஏழெட்டுக் கதவு தள்ளி இருந்தால் போதும்.

"கேரண்டி" என்று மலிவாக ஒரு வகை விற்பார்கள். எந்த வகை அறை என்பது மட்டும் நமக்குத் தெரியும், எந்த அறை என்பதை நிறுவனம் பின்னால் முடிவு செய்யும். மேலே சொன்ன எதையும் தேர்வு செய்ய முடியாது என்பதால் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

படி 5: குளியலறை

சாதாரண அறைகளில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான். தொட்டியில் குளித்துப் பழகிய பிள்ளை ஷவருக்குக் கத்தும், அதனால் தொட்டி உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது காற்றடைக்கும் சின்னத் தொட்டியை எடுத்துப் போங்கள். டிஸ்னி கப்பல்களில் பல அறைகளில் கழிவறையும் குளிக்கும் இடமும் தனித்தனியாக இருக்கும். காலையில் அவசரம் உள்ள குடும்பத்துக்கு அருமை.

படி 6: பணம் கட்டும் முன் ஒரு போன்

தொட்டில் உண்டா, சோபா விரியுமா, மேல் படுக்கை எத்தனை, மருந்து வைக்கக் குளிர்பெட்டி கிடைக்குமா, கதவு அகலம் எவ்வளவு? ஸ்ட்ரோலர், அதாவது குழந்தைத் தள்ளுவண்டி, விரித்தபடி உள்ளே நுழையாது என்றால் மடக்குவதைத்தான் எடுக்க வேண்டும், நடைபாதையில் நிறுத்தவும் விடமாட்டார்கள். ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் பிள்ளைகள் கிளப் எத்தனை வயதிலிருந்து என்றும் கேளுங்கள். பல கப்பல்களில் 3 வயதும், டயபர் விட்டிருப்பதும் நிபந்தனை. கிளப்பில் சேர்க்க முடியாத பிள்ளை என்றால் அறையில் கழியும் நேரம் கூடும், அப்போது இடவசதிக்குக் கூடுதலாகச் செலவிடலாம்.

படி 7: அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைப் பிரிக்கும் முன் பால்கனிப் பூட்டைச் சோதியுங்கள். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவைத் திறந்தால் காற்று இழுத்து ஒன்று படாரென்று சாத்தும்; பிஞ்சு விரல்கள் அங்கே இருக்கக் கூடாது, ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று அறையைக் கவனிக்கும் ஊழியரிடம் கேளுங்கள். தொட்டில் வராமல் இருந்தால் அப்போதே அவரிடம் சொல்லுங்கள், பள்ளி விடுமுறைக் காலத்தில் இரவுவரை காத்திருந்தால் தீர்ந்துவிடும்.