நகர்ந்தது நங்கூரம் அல்ல

பாம்பனுக்கு வடக்கே, 4 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டிருந்தோம். மாலையில் ஏறத்தாழ 60 மீட்டர் விலகி நின்ற பக்கத்துப் படகு, காற்று மாறிய மூன்று விடியல்களிலும் எங்களை உரசும் தொலைவில் இருந்தது. நங்கூரம் இழுபடுகிறதென்று எண்ணிக் கனமானதை இறக்கினேன். கயிற்றையும் 40 மீட்டராக நீட்டினேன், நெருக்கம் கூடியது. ஆனால் காற்று திரும்பியதும், கரையில் முன்னும் பின்னுமாகக் குறித்துவைத்த இரண்டு ஜோடி அடையாளங்களும் பழையபடி நேர்கோட்டில் நின்றன; நங்கூரம் நகரவில்லை. அப்படகு சங்கிலியில் குறுகிய வட்டத்திலும், நாங்கள் கயிற்றில் அகன்ற வட்டத்திலும் சுழன்றிருக்கிறோம்.

இப்போது நங்கூரம் இறக்கும் கணத்திலேயே, பக்கத்துப் படகை நோக்கிக் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, கண்களை மாறி மாறி மூடி, விரல் தாவும் அகலத்தைப் பத்தால் பெருக்குகிறேன்: 12 மீட்டர் படகில் பாதி நீளம் தாவினால் தூரம் 60 மீட்டர். அதில் இரு படகுகளின் சுழல்வட்ட ஆரங்களும் சேர்ந்து அடங்காவிட்டால் வேறிடம் தேடுகிறேன். மனம் நிம்மதியானது.