செவலையைத் தூக்கிச் சென்ற தவறும் வேறு சிலவும்

மன்னார்குடியில் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நாய்களுக்குச் சோறு வைத்தும், அவற்றைப் பிடித்துக் கருத்தடைக்கு அனுப்பியும் பழகிய எனக்கு, புதிதாக வரும் இளைஞர்கள் என் பழைய தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைக் காணும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. கல்லால் அடிக்கக் கூடாது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவற்றைச் சொல்கிறேன்.

கண்ட இடத்தில் சோறு வைத்தல்

பள்ளி விடும் நேரத்தில், பிள்ளைகள் நடக்கும் வழியில் வைக்காதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், தினமும் ஒரே நேரத்தில் வைத்து, நாய்கள் தின்று முடித்ததும் இலையை எடுத்துவிடுங்கள்.

நாயை வேறிடத்தில் கொண்டுபோய் விடுதல்

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் செவலைக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டும் இருந்தது. இரவில் இருசக்கர வண்டிகளைத் துரத்துகிறது என்று நான்கு வீட்டார் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொண்டு, அதைச் சாக்கில் கட்டி, சுமை ஆட்டோவில் ஏற்றி, பாமணியாற்றங்கரையில் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு வந்தேன். அன்றிரவு தெரு அமைதியாக இருந்ததைக் கண்டு பெருமைப்பட்டேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் மீன் கடைப் பக்கமிருந்து, காதில் வெட்டு இல்லாத இரண்டு நாய்கள் வந்து குப்பைத் தொட்டியருகே குடியேறின. அவற்றில் ஒன்று சில மாதங்களில் பாழடைந்த வீட்டுத் திண்ணைக்கு அடியில் ஆறு குட்டிகள் ஈன்றது. முன்பு புகார் சொன்ன அதே நான்கு வீட்டாரும் மறுபடி என்னிடம்தான் வந்தார்கள். குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும்வரை எந்தத் தெருவும் காலியாக நிற்பதில்லை. ஊசி போட்ட நாய் காத்துவந்த எல்லைக்குள் ஊசி போடாத நாய் வந்து சேரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எட்டு நாய்களையும் பிடித்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. செவலையைத் தேடி மூன்று முறை போனேன். முதல் இரவே அங்கிருந்த நாய்கள் அதை விரட்டிவிட்டதாக ஆற்றங்கரை டீக்கடைக்காரர் சொன்னார்.

பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளிலும் உள்ளதுதான். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக இம்முறையே தொடர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் அதே ஆண்டு நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சென்ற மாதம் ஒரு தம்பி, "அண்ணே, ஆட்டோ கிடைக்குமா? ராத்திரியோடு ராத்திரியாக விட்டுவிடலாம்" என்று கேட்டார்.

மாட்டுக்குப் பையோடு பழைய சோறு

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும். பை இரைப்பையிலேயே தங்கிவிடும்.

வெந்த கோழி எலும்பு

உடைந்தால் ஊசிபோல் குத்தும். போடாதீர்கள்.

"குட்டிதானே" என்று விடுதல்

குட்டியின் பல் பட்டு இலேசாகத் தோல் கிழிந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படும். ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். திண்ணைக் குட்டிகளுள் ஒன்றைத் தூக்கப்போய்க் கடி வாங்கிய பையனின் விரலைப் பெரியவர் ஒருவர் காப்பித்தூள் வைத்து அடைத்திருந்தார். தெருக்குழாயடியில் அதைக் கழுவி எடுக்கவே எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது, கழுவிய பிறகுதான் காயம் இரண்டு இடத்தில் இருப்பது தெரிந்தது.