மெட்ராஸ் சட்டையை ஊற வைக்காதீர்கள்: பிரெப்பி உடையில் நேரும் தவறுகள்

காலர் முனைகளைச் சட்டையோடு பட்டனால் பூட்டும் பட்டன்-டவுன் காலர் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு நெசவுச் சட்டை, கருநீல பிளேசர் கோட்டு, கயிறில்லாத பென்னி லோஃபர் ஷூ, கோடைக்கு மெட்ராஸ் கட்டம். அமெரிக்கக் கிழக்குக் கரையின் கல்லூரி வளாகங்களில் பழகி, விடுமுறையில் பெரிய ஹோட்டல்களின் வராந்தாவுக்கும் போன இந்த உடைக்குத்தான் பிரெப்பி என்று பெயர். நல்ல பழைய உருப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தவர்கள் அதைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் முதல் சலவையிலும் முதல் இஸ்திரியிலும்தான்.

மெட்ராஸ் கட்டத்திலிருந்து தொடங்குவோம். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் முதலிலேயே சாயம் ஏற்றி, பிறகு தறியில் நெய்யும் மெல்லிய பருத்தி இது; நம் கைலிக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் சென்னைக்கும்கூட முடிச்சு உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் முன்பு ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718-இல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்ற பணம்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கிக் கொடுத்தது.

வாங்கும்போது நடக்கும் தவறு, அச்சடித்த கட்டத்தை மெட்ராஸ் என்று நம்புவது. துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சு பின்பக்கம் வெளிறியிருக்கும். கைத்தறி என்றால் நூலில் ஆங்காங்கே சிறு முடிச்சும் தடிப்பும் தெரியும். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

துவைக்கும்போது நடப்பது இன்னும் மோசம். 1960-களின் அசல் மெட்ராஸ் சாயம் போகும். போவதுதான் அதன் அழகு. கட்டங்களின் ஓரம் ஒன்றோடொன்று கலந்து மங்கும். 1950-களின் இறுதியில் இந்தத் துணி அமெரிக்காவுக்குப் போனபோது சாயம் போகும் என்று வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டதால் பெரிய தகராறு வந்தது என்றும், பிறகு அந்தக் குணத்தையே சொல்லி விற்றார்கள் என்றும் ஒரு கதை பரவலாக உண்டு. அந்தக் கதையில் ஏற்றுமதியாளராக வரும் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர்தான் பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டியவர்.

சாயம் போகட்டும், ஆனால் திட்டுத் திட்டாகப் போகக் கூடாது. அதற்கு வாளியில் ஊற வைக்கவே வேண்டாம். தனியாக, பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்புக் கரைசலில் ஐந்து நிமிடம் அலசி உடனே விரித்து உலர்த்துங்கள். பிழிந்த ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அடர்நிறம் வெளிர்நிறத்தின் மேல் ஏறிக் கறையாக நின்றுவிடும். காய வைப்பது நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. இயற்கைச் சாயத்தில் வினிகர் படுவது இன்னும் ஆபத்து, அமிலம் பட்டால் சில நிறங்களே மாறிவிடும். பல துண்டுகளை இணைத்துத் தைத்த மெட்ராஸ் என்றால் தையல் ஓரங்கள் பிரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். இயந்திரத்தில் போட்டால் அங்கேதான் கிழியும்.

அடுத்து சட்டைக் காலர். அமெரிக்க உடை நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸ் 1890-களில், போலோ ஆட்டக்காரர்களின் காலரைப் பார்த்து அமெரிக்காவில் கொண்டுவந்தது பட்டன்-டவுன். அதன் உயிர், காலர் முனைக்கும் கழுத்துக்கும் நடுவே மெதுவாக உப்பி வளையும் அந்தச் சுருள். முனையின் நீளம் ஏறத்தாழ மூன்றேகால் இஞ்சாவது இருந்தால்தான் அது விழும். இன்றைய மலிவுச் சட்டைகள் பலவற்றில் இரண்டரைதான், எப்படி முயன்றாலும் தட்டையாகவே கிடக்கும். விறைப்புக்காக உள்ளே கனமான துணி வைத்த காலரும் வளையாது.

நம் ஊர் வழக்கப்படி கஞ்சி போடுவதுதான் இந்தச் சட்டைக்குப் பெரிய பகை. வேட்டிக்கு அழகு சேர்க்கும் அதே கஞ்சி இங்கே சுருளைக் கொன்றுவிடும். இஸ்திரிக் கடையில் கொடுத்தால், காலரை மடித்து மடிப்பின் மேல் பெட்டியை அழுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். காலரைப் பிரித்து விரித்து, முனையிலிருந்து நடுவை நோக்கித் தேய்த்து, பிறகு கையால் மடித்து விட்டால் போதும். சுருக்கமே விழாத சட்டைகளையும் தவிருங்கள்: அவற்றில் ஏற்றிய பிசின் பருத்தி இழையைப் பலவீனப்படுத்துகிறது, எத்தனை வருடம் உடுத்தினாலும் துணி இளகாது. ஆக்ஸ்ஃபோர்டு சட்டை முழங்கையிலும் காலர் ஓரத்திலும் நைந்து மென்மையாகும்போதுதான் முழு அழகுக்கு வருகிறது.

பழைய பிளேசரை லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். தரையில் விரித்து, பட்டன் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளக்கச் சொல்லுங்கள். 40 இஞ்சு மார்புக்கு 21½ முதல் 22 இஞ்சு வேண்டும். கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளை மாற்றுவது மட்டும் கோட்டையே பிரித்துத் தைக்கும் வேலை, செலவு கோட்டின் விலையைத் தாண்டும். நீளத்தை ஒரு இஞ்சுக்கு மேல் குறைத்தால் பாக்கெட்டுகள் தரையைத் தொடுவதுபோல இறங்கித் தெரியும்.

இந்தப் பாணிக் கோட்டில் மூன்று பட்டன் இருக்கும், மேல் பட்டன் மார்பு மடிப்புக்குள் சுருண்டு மறைந்திருக்கும். போடுவது நடுப் பட்டனை மட்டும். விவரம் தெரியாத சலவைக்காரர் மடிப்பை மேல் பட்டன் வரை தட்டையாக அழுத்திவிடுவார். நடந்துவிட்டால் நீராவி காட்டி, விரலால் நடுப் பட்டன் வரை திரும்ப உருட்டுங்கள்.

கம்பளித் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அந்து அரித்த ஓட்டை பாருங்கள், காலருக்கு அடியில் முக்கியமாக. சந்தேகம் இருந்தால் அலமாரிக்குள் விடுமுன் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். பாச்சை உருண்டை போட்டால் நாற்றம்தான் மிஞ்சும்.

லோஃபரில் ஒரே விதி. தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. கடையில் வசதியாக இருப்பது மூன்று மாதத்தில் தொளதொளக்கும், எனவே மேல்பக்கம் இறுக்கமாகப் பிடிப்பதையே வாங்குங்கள். பழைய ஜோடியில் அடிப்பாகம் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால் வேண்டாம். ஈரக் காற்றில் அது உள்ளுக்குள் சிதைந்து ஒருநாள் நடக்கும்போதே பொடியாகும்.

கோடு போட்ட டையில், பிரிட்டிஷ் படைப்பிரிவு வகைக்கு அணிபவரின் இடது தோளிலிருந்து கோடு இறங்கும். அமெரிக்க வகைக்கு வலது தோளிலிருந்து. பழைய டை வாங்கும்போது இதைப் பார்க்காவிட்டால், சேராத படைப்பிரிவின் அடையாளத்தைக் கழுத்தில் கட்டியிருப்பீர்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் அணிவதுதான் ஹோட்டல் பயணங்களில் அதிகம் கண்ணை உறுத்துவது. மெட்ராஸ் சட்டை இருந்தால் மற்றவை ஒரே நிறத்தில் அடங்கட்டும். மிச்சிகனின் மேக்கினாக் தீவில் 1887-இல் திறந்த கிராண்ட் ஹோட்டலில் மாலை 6:30-க்கு மேல் முறையான உடை என்பது நெடுங்கால வழக்கம். பகலில் வராந்தாவில் போட்ட கட்டத்தோடு இரவு உணவுக்கு இறங்க முடியாது. பிளேசரைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதற்குள் மற்றத் தோளைச் செருகி, நீளவாக்கில் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அறைக்குப் போனதும் முதல் வேலையாக அகலத் தோள் வைத்த ஹேங்கரில் மாட்டுங்கள்.