தொழில்நுட்ப மாற்றம் குறித்து ஊர்க்கூட்டம் நடத்துவது எப்படி? டர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளின் கோயில் மண்டபங்களில் வழிபாடு முடிந்து உணவுக்கு அமரும்போது, செயற்கை நுண்ணறிவு பிள்ளைகளின் வேலையைப் பறித்துவிடும் என்று ஒருவர் சொல்வார். அதே நுண்ணறிவு மருத்துவமனை வரிசைகளை ஒழித்துவிடும் என்று இன்னொருவர் சொல்வார். பேச்சு அத்துடன் நின்றுவிடும். அந்தப் பேச்சை ஒரு பிற்பகல் முழுவதும் நடத்தி, வீடு திரும்புவோர் கையில் செய்யத்தக்க ஒன்றாவது இருக்கும்படி முடிப்பது எப்படி என்பதை, இத்தகைய மூன்று கூட்டங்களை நடத்திய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆடி மாதக் கஞ்சி வழிபாட்டு நாளில் கூட்டத்தை வைக்காதீர்கள். விடியற்காலை முதல் அடுப்படியில் நின்ற பெண்கள் அன்று உட்கார்ந்து பேச மாட்டார்கள். வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் வேலையையும் நன்கு அறிந்தவர்கள் அவர்களே. தாத்தா, ஆயாக்களில் சிலர் தமிழில் மனம் திறப்பார்கள், பேரப்பிள்ளைகளோ ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்பதால், எட்டுப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மொழியும் அறிந்த ஒருவரை அமர்த்துங்கள்.

மூத்தவர்களை முதலில் பேசவிடுங்கள். இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5 அன்றுதான். அஞ்சல் தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் போன்றோர், அது சமூகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்டில் பக்கத்து வீட்டில் போய்த் தொலைக்காட்சி பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது எதற்கு அஞ்சினோம், உண்மையில் எது நடந்தது, எவரும் எதிர்பாராமல் எது நடந்தது என்று அவர்களிடம் கேட்டால், இளையவர்களும் தயக்கமின்றிப் பேசத் தொடங்குவார்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் தம் அச்சம் ஒன்றைத் தாளில் எழுத வேண்டும். ‘இயந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து, எது போய்விடும், யாருடைய முடிவால், எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதை நான் 2024இல் முன்கட்டண மின்மீட்டர் விவகாரத்தில் கற்றேன். அந்த மீட்டர்கள் 1993 முதல் நிமிடங்களை எண்ணி வந்தன. அந்த எண்ணிக்கைக்கான இடம் 2024 நவம்பர் 24 அன்று நிறைந்துவிடும் என்பதும், புதிய குறியீடு இடாத மீட்டர் அதன்பின் எந்த டோக்கனையும் (மின்சாரம் வாங்கும்போது தரப்படும், மீட்டரில் அழுத்த வேண்டிய எண்ணை) ஏற்காது என்பதும் உண்மை. ஆனால் எங்கள் தெருவில் பரவியதோ ‘மின்சாரம் நிற்கப் போகிறது’ என்ற பேச்சு மட்டுமே. அதை நம்பிய என் பெரியம்மா கையிலிருந்த பணத்துக்கெல்லாம் டோக்கன் வாங்கி, மீட்டரில் இடாமல் அலமாரியில் சேர்த்து வைத்தார். தேவைப்பட்டதோ, மின்சாரம் வாங்கும்போது ரசீதில் வந்த இரண்டு 20 இலக்கக் குறியீடுகளை வரிசை மாறாமல் மீட்டரில் அழுத்துவது மட்டுமே. அப்படிச் செய்தவுடன், பழைய குறியீட்டில் வாங்கி வைத்திருந்த டோக்கன்கள் செல்லாமல் போயின. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் எது, எப்போது, எப்படி என்பது தெரியாததால் அந்த அச்சமே அவருக்கு இழப்பைத் தந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் ரசீதைப் படித்துச் சொல்ல நான் பக்கத்திலேயே இருந்தேன்.

வேலை பற்றிய அச்சத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். டர்பனில் அழைப்பு மையங்களில் பணியாற்றும் பிள்ளைகள் நம்மில் பலருக்கு உண்டு. ‘அந்த வேலை இருக்குமா’ என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆகவே, ஒரு நாளில் வரும் அழைப்புகளை வகைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள்: கடவுச்சொல் மாற்றமும் இருப்புத்தொகை விசாரணையும் எத்தனை, ஏமாற்றப்பட்டு அழும் வாடிக்கையாளர் எத்தனை? முதல் வகையை இயந்திரம் விரைவில் செய்யும், பல இடங்களில் ஏற்கெனவே செய்கிறது. தம் நாளில் பெரும்பகுதி அவ்வகையே என்று கண்டவர்கள், இரண்டாம் வகைப் பணிக்கு மாற்றம் கேட்க அல்லது வேறு படிப்பைத் தொடங்க இப்போதே முனைய வேண்டும்.

குரலைப் போலி செய்து பணம் கேட்கும் மோசடிக்கு மண்டபத்திலேயே மருந்து உண்டு. குடும்பத்தார் மட்டுமே விடை அறிந்த, வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ ஒருபோதும் எழுதாத ஒரு கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் அங்கேயே முடிவு செய்துகொள்ளட்டும். ‘ஆயா, அவசரமாகப் பணம் வேண்டும்’ என்று பேரனின் குரலில் அழைப்பு வந்தால், அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை பணம் அனுப்ப வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் 71ஆம் பிரிவு, ஒருவரின் கடன் தகுதி, பணித்திறன் போன்றவற்றைத் தானியங்கி முறையில் மட்டுமே மதிப்பிட்டு அவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை எடுப்பதற்கு வரம்பு விதிக்கிறது. விதிவிலக்குகள் இருந்தாலும், பல நேரங்களில் காரணத்தை அறியவும் தம் தரப்பைச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பு தரப்பட வேண்டும். கடன் மறுக்கப்பட்டவர் அனுப்பக்கூடிய ஒரு மாதிரிக் கடிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லுங்கள்.

நம்பிக்கைகளையும் அதே மூன்று கேள்விகளால் சோதியுங்கள். மருத்துவமனை வரிசை குறையும் என்பவர், எந்த மருத்துவமனையில், யாருடைய முடிவால், எப்போது என்று எழுதட்டும். ஏற்கெனவே நிறைவேறிய நம்பிக்கை ஒன்றையும் காட்டுங்கள்: 1860 முதல் 1911 வரை, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 152,184 பேரின் கப்பல் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒப்பந்தக் கூலியாக வந்த தம் முன்னோருக்கு இடப்பட்ட எண்ணைக் கொண்டு அவருடைய ஊரின் பெயரைத் தேடிக் கண்டவர்கள் பலர். ஒரு மடிக்கணினியை வைத்து, விரும்பும் குடும்பங்களுக்கு அங்கேயே தேடிக் கொடுங்கள்; கூட்டத்தில் மக்கள் நெடுநேரம் தங்குவது அந்த மேசையருகில்தான்.

எழுதிய தாள்களை ஒரு பெட்டியில் இட்டுக் கோயில் அலுவலகத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மண்டபத்தில் அவற்றைப் பிரித்து, நடந்தது, நடக்காதது, இன்னும் காத்திருப்பது என்று மூன்று குவியல்களாகப் பிரித்து வையுங்கள். மூன்றாவது குவியலோடு அடுத்த கூட்டத்தைத் தொடங்கலாம்.