ஆற்றங்கரையில் நாட்டுச் செடி வைக்கலாம் வாங்க: அடையாற்றுக்கு வரும் புதியவர்களுக்கு

கன்று நடும் நாள் என்றால் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். களை எடுக்கும் நாளிலும் மே மாத வெயிலில் தண்ணீர் ஊற்றும் நாளிலும்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. கரையை மீட்பதில் நடுவது சின்னப் பகுதிதான், முன்னும் பின்னும் இருக்கும் வேலைதான் பெரிது. முதல்முறை வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கம் அருகே கடலில் சேர்கிறது அடையாறு. கழிமுகத்தை ஒட்டி 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிய இடம். அந்த மண்ணில் நாட்டு மரமும் கண்டலும் (அலையாத்தி மரம்) இப்போது வளர்ந்து நிற்கின்றன என்றால், மற்ற கரைகளிலும் முடியும்.

1. தனியாகப் போகாதீர்கள்

கரை நிலம் அரசுத் துறைகளுக்குச் சொந்தம். அனுமதி வாங்கி வேலை செய்யும் குழு ஒன்றில் சேருங்கள். நாமாகப் போய் எதையும் வெட்டவோ நடவோ கூடாது.

2. உடுப்பு

முழுக்கைச் சட்டை, கெட்டியான கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். செருப்பு வேண்டவே வேண்டாம், சீமைக்கருவேல முள் அதை ஊடுருவி ஏறிவிடும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். இந்தத் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருக்கிறது, எலிக்காய்ச்சல் காயத்தின் வழியே பரவும், அதனால் கை காலில் புண் இருந்தால் அன்றைக்கு மேட்டில் மட்டும் வேலை பாருங்கள். புதரில் கை வைக்கும் முன் குச்சியால் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம்.

3. எது களை என்று பழகுங்கள்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, நம் கருவேலமோ இந்த மண்ணின் மரம். பூவைப் பாருங்கள்: கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலத்துக்கு நீளக் கதிர். நெற்றிலும் தெரியும், கருவேல நெற்று மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும், மற்றது மஞ்சளாக நீண்டிருக்கும். உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு, பார்த்தீனியம், தண்ணீரில் ஆகாயத்தாமரை, இவையும் எடுக்க வேண்டியவை. சந்தேகம் வந்தால் வெட்டாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

4. வேரோடு எடுங்கள்

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் அரை அடி, ஒரு அடி வரை இருக்கும் வேர்க்கழுத்தில்தான் மொட்டுகள் இருக்கின்றன, அதைக் கடப்பாரை போட்டு முழுசாகக் கிளப்ப வேண்டும். நெற்றுகளைத் தனியாகக் கோணியில் அள்ளுங்கள், ஆடு தின்றால் விதை வேறு இடத்துக்குப் போய் முளைக்கும். மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் சரிவு முழுவதையும் ஒரேயடியாக மொட்டையடித்தால் வெள்ளம் மண்ணை அரித்துப் போய்விடும், ஆகவே துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நாட்டுச் செடியை வைப்பது நல்லது. மரத்தில் பறவைக் கூடு இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

5. எந்த மட்டத்தில் எது?

தண்ணீர் ஓரத்தில் நாணலும் கோரையும். சரிவில் வெட்டிவேர், நொச்சி, அதற்கு மேல் நீர்மருதும் புங்கமும். மேட்டில் பூவரசு, நாவல், புன்னை, இலுப்பை. கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில் மட்டும் வெண்கண்டல், அதையும் கழிமுகச் சேற்றுத்திடல் முழுக்க நட்டுவிடாதீர்கள். வெறும் சேறாகத் தெரியும் அந்தத் திடலில்தான் உள்ளான் பறவைகள் இரை தேடுகின்றன. எல்லா இடத்தையும் மரமாக்குவது மீட்பு ஆகாது. அதே போல, ஆறு ஓடும் பாதைக்குள் பெரிய மரம் வேண்டாம், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

6. நடவு

மேட்டில் ஐப்பசி மழை தொடங்கியதும் நடலாம். தாழ்ந்த சரிவில் பெருவெள்ளம் வடிந்த பிறகு, மார்கழி வாக்கில் நடுங்கள், இல்லையென்றால் கன்று கடலுக்குப் போய்விடும். ஒன்றரை அடிக் குழி, பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு (அதையும் கையோடு கொண்டுபோங்கள்) வேர்மண் உடையாமல் இறக்கி, சுற்றி மண்ணை மிதித்து, காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டு, ஒரு குச்சி கட்டிவிடுங்கள். வெட்டிவேர் என்றால் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, அரை அடி இடைவெளியில்.

7. அப்புறம்தான் உண்மையான வேலை

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை வாரம் இரண்டு முறை, காலையிலோ மாலையிலோ. பிடுங்கிய இடத்தில் சீமைக்கருவேல நாற்று திரும்ப முளைக்கும், விரல் நீளத்தில் இருக்கும்போதே மழை பெய்த மறுநாள் இழுத்தால் சுலபமாக வந்துவிடும், விட்டுவிட்டால் மறுபடி கடப்பாரைதான். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு எண் கட்டி, பிழைத்தது எது, பட்டது எது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே வகை வரிசையாகப் பட்டுப்போனால் அந்த மட்டத்துக்கு அது சரிப்படவில்லை என்று புரியும், அடுத்த ஐப்பசியில் அங்கே வேறு வகையைப் போட்டுப் பாருங்கள்.